யூத மறைநூல்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

யூத மறைநூலின் மூலப்பகுதி ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் பழைய ஏற்பாடு என்ற தலைப்பில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் அதுதான். பலர் அதைத் திறந்து, ஆதியாகமத்தின் கதைகளில் மகிழ்ந்து, யாத்திராகமத்தின் பாதியில் தளர்ந்து, லேவியராகமத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். நூலில் குறை இல்லை, படிக்கும் முறைதான் பொருந்தவில்லை. யூதர்கள் இதைக் கதைப்புத்தகம்போல ஒரே ஓட்டமாகப் படிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு பகுதி, ஆண்டுக்கு ஒரு சுற்று, மூலத்துக்குப் பக்கத்தில் உரை, எதிரே கேள்வி கேட்க ஒருவர் என்று படிக்கிறார்கள்.

அந்த முறையைப் பழகுவதற்கான வழிகள் கீழே. வேண்டியவை ஒரு தமிழ் விவிலியம், ஒரு தடித்த நோட்டு, மூன்று நிறங்களில் ஒட்டுச்சீட்டு, நாளுக்கு 25 நிமிடம். எபிரேய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரைகளையும், ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதையும் எட்டுவதற்கு ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் வேலை: நூல்களை இடம் மாற்றி அடுக்குவது

யூதர்கள் தங்கள் மறைநூலைத் தனாக் என்கிறார்கள். தோரா, நெவீம், கெத்தூவிம் என்ற மூன்று பகுதிப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கம் இது. தோரா என்பதைச் சட்டம் என்று மொழிபெயர்ப்பது வழக்கமென்றாலும், போதனை, வழிகாட்டல் என்பதே அச்சொல்லின் அகன்ற பொருள். முஸ்லிம்கள் சொல்லும் தவ்ராத் இதே சொல்லின் அரபு வடிவம். பழைய ஏற்பாடு என்பது புதிய ஏற்பாட்டை ஏற்றவர்கள் வைத்த பெயர். யூதர் ஒருவரிடம் பேசும்போது தனாக் என்றே சொல்லுங்கள்.

ஒட்டுச்சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிறம் தோராவுக்கு: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். இரண்டாம் நிறம் நெவீம், அதாவது தீர்க்கதரிசிகள்: யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல், இராஜாக்கள், ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பிறகு ஓசியா முதல் மல்கியா வரையான பன்னிருவர் சேர்ந்த ஒரே நூல். மூன்றாம் நிறம் கெத்தூவிம், எழுத்துகள்: சங்கீதம், நீதிமொழிகள், யோபு, உன்னதப்பாட்டு, ரூத், புலம்பல், பிரசங்கி, எஸ்தர், தானியேல், எஸ்றா-நெகேமியா, நாளாகமம்.

மொத்தம் 24. உங்கள் விவிலியத்தின் பொருளடக்கம் 39 என்று காட்டும். எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகிய மூன்றும் தமிழில் இரண்டிரண்டாகப் பிரிந்துள்ளன. எஸ்றாவும் நெகேமியாவும் தனித்தனியாக நிற்கின்றன. பன்னிருவர் பன்னிரண்டு நூல்களாக எண்ணப்படுகிறார்கள். கையிலிருப்பது கத்தோலிக்கத் திருவிவிலியமானால் தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக் முதலிய நூல்களும் இருக்கும். அவற்றை யூதர்களே எழுதியிருந்தாலும் தனாக்கில் அவை சேரவில்லை. அந்தப் பக்கங்களில் சீட்டு ஒட்ட வேண்டாம்.

வரிசை மாறுவதால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். தமிழ் விவிலியத்தின் பழைய ஏற்பாடு மல்கியாவில், வரப்போகும் எலியாவைப் பற்றிய சொற்களோடு முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் நற்செய்தி நூல்கள். தனாக் நாளாகமத்தில் முடிகிறது: பாரசீக அரசன் கோரேஸ், சிறைப்பட்டிருந்த மக்களைப் பார்த்து, உங்களில் எவனுக்கு மனமுண்டோ அவன் எருசலேமுக்குப் போகட்டும் என்று அனுப்பும் இடம் அது. அதே எழுத்துகள்தாம். ஆனால் ஒன்று வரப்போகிறவரை எதிர்நோக்கியும், மற்றது ஊர்திரும்புவதை நோக்கியும் முடிகின்றன.

எண்கள் பொருந்தாத இடங்கள்

யூத உரைநூல் ஒன்று குறிப்பிடும் வசனத்தைத் தமிழில் தேடினால் சில இடங்களில் வேறேதோ கிடைக்கும். தவறு உங்களுடையதல்ல. சங்கீதங்களில் 'தாவீதின் சங்கீதம்' போன்ற முன்குறிப்பையும் எபிரேயப் பதிப்புகள் வசனமாக எண்ணுகின்றன. 51-ஆம் சங்கீதத்தின் முன்குறிப்புக்கு இரண்டு எண்கள் போய்விடுவதால், தமிழில் 51:1 என்பது அங்கே 51:3. யோவேல் நூல் எபிரேயத்தில் நான்கு அதிகாரம், தமிழில் மூன்று. அங்கே 3:1 என்பது இங்கே 2:28. மல்கியா தலைகீழ்: தமிழில் நான்கு, எபிரேயத்தில் மூன்று. இந்த மூன்று நூல்களின் முதல் பக்கத்திலும் இதைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு தேடி அலைய வேண்டாம்.

இறைப்பெயரைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் நான்கு மெய்யெழுத்துகளால் ஆன பெயரை யூதர்கள் எழுதியபடி உச்சரிப்பதில்லை. வழிபாட்டில் அடோனாய், அதாவது என் ஆண்டவர், என்று வாசிப்பார்கள். பேச்சில் ஹஷேம், அதாவது அந்தப் பெயர், என்பார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பெயர் வரும் இடங்களில் பெரும்பாலும் 'கர்த்தர்' என்றும், ஏலோகிம் என்ற பொதுச்சொல் வரும் இடங்களில் 'தேவன்' என்றும் போடுகிறது. எனவே எபிரேயம் தெரியாமலே இந்த வேறுபாட்டை நீங்கள் பின்தொடரலாம். ஆதியாகமம் முதல் அதிகாரம் முழுவதும் தேவன், 2:4-க்குப் பிறகு தேவனாகிய கர்த்தர். இந்த மாற்றத்தைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்துக் கட்டளைகளில் ஓரிடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெருமைப்படத்தக்க துல்லியத்தோடு இருக்கிறது. எபிரேய வினைச்சொல் எல்லாவகை உயிர்நீக்கத்தையும் குறிப்பதில்லை. பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பான கொலையைக் குறிக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இதைப் பொதுப்படையாகக் 'கொல்லாதே' என்று ஆக்கிவிட்டது. தமிழில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்று நிற்கிறது.

வாரப் பகுதியைப் பிடிப்பது

தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். உலகெங்கும் உள்ள தொழுகைக்கூடங்களில் ஓய்வுநாளான சனிக்கிழமை காலை அந்த வாரப் பராஷா சுருளிலிருந்து வாசிக்கப்படும். வாசிப்பின்போது ஏழு பேர் ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்படுவார்கள். அதனால் ஒவ்வொரு பராஷாவும் ஏழு துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. இந்த ஏழுதான் உங்களுக்குக் கிடைக்கும் வாரக் கால அட்டவணை: ஞாயிற்றுக்கிழமை முதல் துண்டு, சனிக்கிழமை ஏழாவது.

முதல் பராஷா ஆதியாகமம் 1:1 முதல் 6:8 வரை, 146 வசனங்கள். நாளுக்குச் சுமார் 20 வசனம் வரும். இரண்டாவது 6:9 முதல் 11:32 வரை, 153. மூன்றாவது 12:1 முதல் 17:27 வரை, 126. எண்ணாகமத்தில் வரும் நாசோ என்ற பராஷாதான் மிக நீளம், 176 வசனங்கள். உபாகமத்தில் வரும் வயேலெக் 30 வசனங்களோடு மிகக் குறுகியது.

இந்த வாரம் எந்தப் பராஷா என்பதை ஹெப்கால் போன்ற யூத நாட்காட்டித் தளங்களில் பார்க்கலாம். அங்கே ஒரு கண்ணி உண்டு. இஸ்ரேலில் பஸ்கா ஏழு நாள், வெளிநாடுகளில் மரபுவழி யூதர்களுக்கு எட்டு நாள். அந்த எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் இஸ்ரேல் ஒரு பகுதி முன்னே போய்விடும். வெளிநாட்டவர் சில வாரங்கள் பின்தங்கி, பிறகு இரண்டு பகுதிகளை ஒரே வாரத்தில் வாசித்துச் சமன்செய்வார்கள். எந்த அட்டவணையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். சில ஆண்டுகளில் இரட்டைப் பராஷாக்கள் அதிகம் வரும். யூத நாட்காட்டியில் 19 ஆண்டுகளுக்கு 7 முறை பதின்மூன்றாவது மாதம் சேர்வதால், ஆண்டுக்கு ஆண்டு வாரங்களின் எண்ணிக்கை மாறுகிறது.

புதிய சுற்று செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, சிம்ஹாத் தோரா விழாவை ஒட்டித் தொடங்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் எங்கே இருக்கிறார்களோ அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று காத்திருப்பவர்களில் பலர் தொடங்குவதே இல்லை.

படிக்கும் முறையும் மரபிலேயே இருக்கிறது: மூலம் இருமுறை, மொழிபெயர்ப்பு ஒருமுறை. மொழிபெயர்ப்பு என்று தல்மூத் குறிப்பிடுவது அரமேய மொழியில் அமைந்த தார்கூமை. மக்கள் எபிரேயத்தை விட்டு அரமேயம் பேசத் தொடங்கிய காலத்தில் எழுந்தது அது. இதை நாம் இப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரு தமிழ் மொழிபெயர்ப்பில் வாய்விட்டு இருமுறை, பிறகு வேறொரு மொழிபெயர்ப்பில் ஒருமுறை. பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் இணையாக வைத்தால் போதும். இரண்டும் விலகும் இடத்தில் கோடிடுங்கள். பெரும்பாலும் எபிரேயம் இருண்மையாக இருக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். அங்கேதான் உரைகாரர்களும் கூடியிருப்பார்கள்.

சனிக்கிழமை பராஷாவுக்குப் பிறகு தீர்க்கதரிசிகளிலிருந்து ஒரு துண்டு வாசிக்கப்படும். அதற்கு ஹஃப்தாரா என்று பெயர். இதை ஏன் இதனோடு வைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதே வாரத்தின் கடைசிப் பயிற்சி. நோவாவின் பராஷாவுக்கு ஏசாயா 54 வருகிறது. முதல் எட்டு வசனங்களில் நோவாவைக் காணோம். ஒன்பதாம் வசனத்தில் நோவாவின் காலத்து வெள்ளம் வரும்.

லேவியராகமத்தைக் கடப்பது

பெரும்பாலோர் நின்றுவிடும் இடம் இது. பலிகள், தோல்நோய், தீட்டு என்று அதிகாரங்கள் நீள்கின்றன. யூதச் சிறுவர்களின் பாடம் ஒரு காலத்தில் இந்த நூலிலிருந்துதான் தொடங்கியது. அதன் பிற்பாதியில் வருவது 19-ஆம் அதிகாரம். முதன்முறை லேவியராகமத்தைத் தொடுகிறவர்கள் முறைவரிசையை மீறி இதை முதலில் படிக்கலாம். ஒரு வரிச் சட்டம் எப்படிக் கதையாகிறது, பிறகு எப்படி அளவும் எண்ணிக்கையுமாக மாறுகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்க முடியும்.

19:9-ஐப் படியுங்கள். அறுவடையின்போது வயலின் ஓரத்தை முழுதாக அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே என்கிறது. அடுத்த வசனம் திராட்சைத் தோட்டத்துக்கும் இதையே சொல்லிவிட்டு, இவற்றை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று முடிக்கிறது. எவ்வளவு ஓரம், எத்தனை கதிர் என்று ஒன்றும் இல்லை. இதை நோட்டில் கேள்வியாக எழுதுங்கள்.

பிறகு ரூத் இரண்டாம் அதிகாரத்துக்குப் போங்கள். மோவாபிலிருந்து வந்த விதவை, அந்நியப் பெண், பெத்லகேமின் வயலில் அறுக்கிறவர்களுக்குப் பின்னே கதிர் பொறுக்கப் போகிறாள். சட்டம் சொன்ன ஏழையும் அந்நியனும் இவள் ஒருத்தியிலேயே வந்து நிற்கிறார்கள். நிலத்துக்காரர் போவாஸ் தம் ஆட்களிடம், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றை உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார் (2:16). சட்டம் கேட்டதைவிட இது கூடுதல். அந்தக் கூடுதலிலிருந்துதான் தாவீதின் வம்சம் வந்தது என்று நூல் முடிகிறது.

மூன்றாவதாக மிஷ்னாவைத் திறக்க வேண்டும். தோராவோடு வாய்மொழியாகவும் ஒரு போதனை வந்தது என்பது ரபிமார்களின், அதாவது யூத சமய ஆசிரியர்களின், நம்பிக்கை. அந்த வாய்மொழி மரபு, எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்த பிறகு சிதறிவிடுமோ என்ற நெருக்கடியில், ஏறத்தாழ கி.பி. 200-இல் யூதா ஹநாசி என்ற ரபியால் தொகுக்கப்பட்டது. அதுவே மிஷ்னா: ஆறு பிரிவுகள், 63 மசேகெத்கள். மசேகெத் என்றால் ஒரு பொருள் பற்றிய தனிநூல். அவற்றில் ஒன்றின் பெயரே பேயா, வயலோரம்.

பேயா 1:2 நம் கேள்விக்கு விடை சொல்கிறது: அறுபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் விட வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய 1:1, வயலோரத்துக்கு அளவு கிடையாது என்றே தொடங்குகிறது. முரண்போலத் தோன்றும் இந்த இடத்தில் நில்லுங்கள். மேல் எல்லை இல்லை, கீழ் எல்லை உண்டு என்று உரைகள் தீர்த்து வைக்கும். 6:5 சிந்திய கதிரை எண்ணுகிறது. இரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் உடைமையாளருக்கு. இது ஹில்லேல் என்ற ஆசிரியரின் வழியினர் கணக்கு. ஷம்மாய் என்ற இன்னோர் ஆசிரியரின் வழியினர் மூன்றுவரை ஏழைக்கு என்கிறார்கள். ஷம்மாய் வழி கடுமையானது, ஹில்லேல் வழி இளக்கமானது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவார்கள். இந்த வயலில் ஏழையின் பக்கம் நிற்பது ஷம்மாய் வழி.

தோரா, எழுத்துகள், மிஷ்னா என்ற மூன்று தளங்களையும் இப்படி ஒரே மாலையில் தொட்டுவிடலாம். லேவியராகமத்தின் மீதிப் பகுதிகளை இதற்குப் பிறகு படித்தால் அவற்றின் நுணுக்கம் சலிப்பாகத் தெரியாது.

ராஷியைப் படிப்பது

தோராவுக்கு உரை எழுதியவர்களில் முதலில் படிக்க வேண்டியவர் ராஷி (1040–1105). பிரான்சின் த்ருவா நகரத்தவர். அச்சிட்ட ஆண்டு குறிக்கப்பட்ட முதல் எபிரேய நூலே அவருடைய தோரா உரைதான், 1475-இல். உரைகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கும் இடம் செஃபாரியா என்ற இணைய நூலகம். ஒரு வசனத்தைத் தொட்டால் அதற்கான உரைகள் பக்கவாட்டில் திறக்கும்.

ராஷி மிகச் சுருக்கமானவர். எல்லா வசனத்துக்கும் எழுதுவதில்லை. அதனால் அவர் உரையைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இங்கே அவரை உறுத்தியது என்ன என்பது. பரிமேலழகரையோ சேனாவரையரையோ படித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் கைவரும். விடையிலிருந்து தடையை மீட்டெடுக்கும் வேலைதான்.

லேவியராகமம் 19:14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: குருடன் முன் இடறலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு. இதன் பொருள் வெளிப்படையாகவே இருக்கிறதே, உரை எதற்கு? ராஷி எழுதுவது இது: ஒரு விஷயத்தில் பார்வையற்றவனுக்குத் தகாத ஆலோசனை சொல்லாதே. நிலத்தை விற்றுக் கழுதை வாங்கிக்கொள் என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, அந்த நிலத்தை நீயே சுருட்டிக்கொள்ளாதே. அவரை உறுத்தியது வசனத்தின் பின்பாதி. இங்கே குறிப்பாக ஏன் தேவனுக்குப் பயப்படச் சொல்ல வேண்டும்? தவறான ஆலோசனை சொன்னவன், நல்லெண்ணத்தில்தான் சொன்னேன் என்று தப்பிக்க முடியும். அவன் உள்ளத்தை மனிதர் எவரும் நிரூபிக்க முடியாது. மனத்துக்குள் ஒளிந்திருக்கும் செயல்களில்தான் தோரா இந்தச் சொற்களைச் சேர்க்கிறது என்கிறார்.

மூலத்தோடு நின்றுவிடும் பழக்கம் எவ்வளவு பெரிய தவறுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு, 'கண்ணுக்குக் கண்' (யாத்திராகமம் 21:24) சரியான சான்று. யூதச் சட்டம் பழிக்குப் பழி என்று இதை வைத்துப் பேசுகிறவர்கள் ஏராளம். தல்மூத் இதைப் பண இழப்பீடாகவே கொள்கிறது. குருடன் ஒருவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் யாருடைய கண்ணை எடுப்பாய் என்று கேட்கிறது. கொலைகாரனின் உயிருக்கு மீட்புப்பணம் வாங்காதே என்ற எண்ணாகமம் 35:31-ஐக் காட்டி, அப்படியானால் உறுப்புக்கு வாங்கலாம் என்று முடிவு கட்டுகிறது. இழப்பீடு ஐந்து வகை: உறுப்பின் இழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலைக்குப் போகமுடியாத நாட்கள், அவமானம். இந்த விவாதம் தல்மூதின் பாவா கம்மா என்ற மசேகெத்தில் 83ஆ–84அ பக்கங்களில் இருக்கிறது.

தல்மூத் பக்கத்தை எப்படிப் பார்ப்பது

மிஷ்னாவின் மேல் நடந்த விவாதங்களின் பதிவு கெமாரா. மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்தது தல்மூத். இரண்டு தல்மூத்கள் உண்டு. எருசலேம் தல்மூத் கி.பி. 400 அளவில் முடிந்தது. பாபிலோனியத் தல்மூத் அதற்குப் பின் நூறு, இருநூறு ஆண்டுகளில் உருப்பெற்றது. வெறுமனே தல்மூத் என்றால் பாபிலோனியமே.

பக்கத்தின் நடுவில் மிஷ்னாவும் கெமாராவும் தடித்த எழுத்தில் இருக்கும். நூலின் தைப்புப் பக்கமாக ராஷியின் உரை, வெளிப்பக்கமாக அவருக்குப் பின்வந்தோர் எழுதிய தோசஃபோத் என்ற கூடுதல் குறிப்புகள். வெனிசில் டேனியல் பாம்பெர்க் 1520 முதல் 1523 வரை அச்சிட்ட பதிப்பு இந்த அமைப்பையும் ஏட்டெண்ணையும் நிலைநிறுத்தியது. இன்றும் அதே எண்கள்தாம். ஏறத்தாழ எல்லா மசேகெத்தும் 2-ஆம் ஏட்டில் தொடங்கும், முதல் ஏடு தலைப்புப் பக்கம். 2அ என்றால் ஏட்டின் முன்பக்கம், 2ஆ என்றால் பின்பக்கம்.

முதல் மசேகெத்தான பெராகோத்தின் 2அ-வில் தொடங்குங்கள். முதல் கேள்வி: மாலை ஷெமாவை எந்நேரம் முதல் ஓதலாம்? ஷெமா என்பது உபாகமம் 6:4-இல் தொடங்கும் அறிக்கை, நாளுக்கு இருமுறை ஓதப்படுவது. மிஷ்னாவின் விடை விசித்திரமாக இருக்கிறது: ஆசாரியர்கள் தங்கள் காணிக்கைப் பங்கை உண்ணப் போகும் நேரம் முதல். எதுவரை? முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ரபி எலியேசர். நள்ளிரவுவரை என்கிறார்கள் அறிஞர்கள். விடியும்வரை என்கிறார் ரபான் கமாலியேல். உடனே ஒரு நிகழ்ச்சி: கமாலியேலின் பிள்ளைகள் விருந்தொன்றிலிருந்து நேரம் கழித்து வந்து, நாங்கள் இன்னும் ஷெமா ஓதவில்லை என்கிறார்கள். விடியவில்லையென்றால் ஓதக் கடமைப்பட்டவர்கள் நீங்கள் என்கிறார் தந்தை. அப்படியானால் அறிஞர்கள் ஏன் நள்ளிரவு என்றார்கள்? மனிதன் தள்ளிப்போட்டுத் தவறிவிடாதிருக்க.

கெமாரா அதன்மேல் கேட்கிறது: ஷெமா ஓத வேண்டும் என்பதையே சொல்லாமல் எந்நேரம் என்று எப்படித் தொடங்கலாம்? காலையை விட்டு மாலையை மிஷ்னா ஏன் முதலில் எடுத்தது? படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் என்ற வசனத்தில் படுப்பது முதலில் வருகிறது என்பது ஒரு விடை. சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் என்று படைப்பிலேயே மாலை முந்தியது என்பது இன்னொன்று. யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குவது இதனால்தான்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் தடை, வலப்பக்கம் விடை என்று எழுதிக்கொண்டே போங்கள். தீர்ப்பு எங்கே என்று தேடாதீர்கள். பல இடங்களில் இருக்காது. தோற்ற தரப்பின் வாதத்தையும் முழுமையாகக் காத்து வைத்திருப்பதுதான் இந்த நூலின் உயிர். தனியாகப் படிப்பதும் கூடாது. இருவராக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் மறுக்கும் முறைக்கு ஹவ்ரூதா என்று பெயர். நண்பர் கிடைக்காவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியிலாவது ஒருவரிடம் அந்தப் பக்கத்தை விளக்குங்கள். விளக்கும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே உங்களுக்குப் புரியவில்லை.

நாளுக்கு ஓர் ஏடு என்ற தஃப் யோமி திட்டத்தை 1923-இல் மெயிர் ஷபிரோ என்ற ரபி தொடங்கினார். 2,711 ஏடுகள், ஏழாண்டும் ஐந்து மாதமும். இப்போதைய 14-ஆம் சுற்று 2020 ஜனவரி 5-இல் தொடங்கியது, 2027 ஜூன் 7-இல் முடியும். புதியவர்கள் இதில் குதிக்க வேண்டாம், ஒரு மாதத்தில் மூச்சு வாங்கும். நாளுக்கு ஒரு மிஷ்னா, வாரத்துக்குக் கெமாராவில் பத்து வரி, அதுவே நல்ல அளவு.

தல்மூத் சொல்வதாக இணையத்தில் உலவும் அதிர்ச்சி மேற்கோள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தப் பழக்கம் பழையது, அதன் விளைவும் கொடியது. பாரிசில் 1240-இல் தல்மூத்மேல் வழக்குபோல் ஒரு விவாதம் நடத்தி, 1242-இல் வண்டி வண்டியாகக் கையெழுத்துச் சுவடிகளைக் கொளுத்தினார்கள். மேற்கோள் வந்தால் மசேகெத்தின் பெயர், ஏட்டெண், பக்கம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பெராகோத் 64-ஆம் ஏட்டில் முடிகிறது. 90-ஆம் ஏட்டிலிருந்து மேற்கோள் காட்டினால் அது புனைவு. எண் சரியாக இருந்தாலும் முன்னும் பின்னும் ஒரு பக்கம் படியுங்கள். மறுத்துத் தள்ளுவதற்காக எடுத்துவைத்த கருத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள்.

சுருளைப் பார்க்க நேர்ந்தால்

தோராச் சுருளில் உயிர்க்குறி, நிறுத்தற்குறி, இசைக்குறி எதுவும் இருக்காது. மரபுக் கணக்கில் 304,805 எழுத்துகள். உண்ணத் தகுந்ததாகச் சட்டம் ஏற்ற விலங்கின் தோலில், பெரும்பாலும் பத்திக்கு 42 வரியாக, இறகுப் பேனாவால் சோஃபேர் என்ற எழுத்தர் எழுதுவார். ஓராண்டுக்கு மேலும் ஆகும். மனப்பாடமாக எழுதக்கூடாது. முன்மாதிரியைப் பார்த்து, சொல்லை வாயால் சொல்லி, பிறகு எழுத வேண்டும். ஓர் எழுத்து இன்னோர் எழுத்தைத் தொட்டுவிட்டால் சுருள் வாசிப்புக்குத் தகுதியிழக்கும். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்ற ஐயம் வந்தால், எழுத்து மட்டும் அறிந்த சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவன் வரிவடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்வான், பொருளை வைத்து ஊகிக்க மாட்டான். மற்றப் பிழைகளைச் சுரண்டித் திருத்தலாம். இறைப்பெயரை மட்டும் அழிக்கவே கூடாது. அங்கே பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அந்தத் தோலையே எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள்.

பழுதான ஏடுகள் குப்பைக்குப் போவதில்லை. கெனிசா என்ற அறையில் சேர்த்து, பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துக் கெனிசாவிலிருந்து சாலமன் ஷெக்டர் 1896–97-இல் ஏராளமான துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்தக் கெனிசாவில் மறைநூல் மட்டும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூதரின் கடிதங்களும் இருந்தன.

நமக்கு அருகே கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் இருக்கிறது. சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளராகப் போகாதீர்கள். எந்தத் தொழுகைக்கூடத்திலும் ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சுருள் திறந்திருந்தால் தோலைக் கையால் தொடக்கூடாது. வாசிப்பவரே யாத் என்ற கைவடிவக் கோலால்தான் வரியைச் சுட்டுவார்.

ஒரு வசனம் போன இடங்களைத் தேடுவது

இந்த நூல்கள் உலகில் பரவிய விதத்தை அறிய, பொதுவான வரலாறுகளைவிட ஒரே ஒரு வசனத்தைத் தொடர்ந்து போவது பயன் தரும். மாதத்துக்கு ஒன்று போதும். லேவியராகமம் 25:10-ஐ எடுங்கள்: ஐம்பதாம் ஆண்டில் தேசமெங்கும் எல்லாருக்கும் விடுதலை கூறு. அந்த ஆண்டின் பெயர் யோவேல், செம்மறிக்கடாவின் கொம்பு. அது லத்தீன் வழியாக மாறித் தமிழில் நாம் சொல்லும் ஜூபிலி ஆயிற்று. பென்சில்வேனியச் சட்டமன்றம் 1751-இல் வாங்க முடிவுசெய்த மணியில் இந்த வசனத்தைப் பொறித்தார்கள். அடிமை ஒழிப்பாளர்கள் 1830-களில் அதை விடுதலை மணி என்று அழைத்தார்கள். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரிய இயக்கம் தன் பெயரை ஜூபிலி 2000 என்று வைத்துக்கொண்டது. கடனையும் அடிமையையும் நிலத்தையும் ஒருசேரப் பேசும் அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

இன்னொன்று, மிஷ்னா சன்ஹெத்ரின் 4:5. கொலைவழக்கில் சாட்சிகளை எச்சரிக்கும் இடம். ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகையே அழித்தவன், ஓர் உயிரைக் காத்தவன் ஓர் உலகையே காத்தவன். குர்ஆன் 5:32-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இஸ்ரவேல் மக்களுக்கு விதித்தோம் என்றே அந்த வசனம் தொடங்கும்.

தமிழோடு சேரும் ஒரு சிறு இழையும் உண்டு. இராஜாக்கள் முதல் நூல் 10:22-இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்தவற்றில் மயில்களும் இருக்கின்றன. அங்குள்ள எபிரேயச் சொல் துக்கீம். அது தமிழ்த் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் எடுத்துக்காட்டினார். அந்தச் சொல் மயிலைக் குறிப்பதே அல்ல என்பாரும் உண்டு. மாற்றுக் கருத்தையும் சேர்த்தே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்டு முடிவில் உபாகமம் 34-ஐ முடித்த அதே நாளில் ஆதியாகமம் 1-ஐத் திறக்க வேண்டும், இடையில் ஒரு வாரம்கூட விடுவதில்லை. இரண்டாம் சுற்றுக்கு ராஷியோடு ராம்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த அவர், ராஷியை மதித்துக்கொண்டே அடிக்கடி மறுப்பவர். முதல் சுற்றின் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், விடை கிடைக்காமல் விட்ட கேள்விகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன.